எட்டாவது நிமிடம்

நம்பினால் நம்புங்கள். எனக்கே நடந்தது, அதுவும் பட்டப்பகலில். பேய்க்கும் ஷிஃப்ட் உண்டு போலிருக்கிறது.

அவசர சிகிச்சைப் பிரிவில் பதினோரு வருடமாக நர்ஸ் நான். காய்ச்சல், இருமல் என்று வந்தால் மூக்கில் குச்சி விட்டு எடுத்து, சோதனைப் பட்டையில் சொட்டு விடுவோம். பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு கோடு என்றால் கிருமி இல்லை, இரண்டு என்றால் இருக்கிறது. பட்டையில் பெயர் எழுத இடம் போதாது. கட்டில் எண்ணும் நேரமும் மட்டும் மார்க்கரில் எழுதுவோம்.

அன்று மூன்றாம் கட்டிலில் சிறுநீரக நோயாளி ஒருவர். ஓய்வுபெற்ற டிரைவர், கூடவே மகள். மாடியில் சிறுநீரக வார்டில் ஒரே ஒரு இடம் காலி. கிருமியோடு அங்கே போனால் அந்த வார்டே தாங்காது. ஸ்ட்ரெச்சர்காரரோ நிமிடத்துக்கு ஒரு முறை வந்து நச்சரித்தார்.

2.10-க்குப் பட்டையை வைத்தேன்.

2.18. எட்டிப் பார்த்தேன். ஒரே கோடு. மீதி ஏழு நிமிடத்தில் என்ன ஆகிவிடப் போகிறது? 'நெகட்டிவ்' என்று எழுதப் பேனாவை எடுத்தேன்.

லொக்... லொக்...

ஆறாம் கட்டிலுக்கு அப்பால், திரைக்குப் பின்னாலிருந்து இருமல். எங்களிடம் இருப்பதே ஆறு கட்டில்தான்.

"சிஸ்டர்... பதினஞ்சு ஆகலையே."

திரையை விலக்கினேன். சுவர். இரண்டு ஆக்சிஜன் சிலிண்டர்கள். அவ்வளவுதான்.

திரும்பி வந்தேன். தட்டில் இரண்டு பட்டைகள்.

நான் வைத்தது ஒன்றுதான்.

இரண்டாவதில் '7 – 2.10'. ஏழின் நடுவே ஒரு குறுக்குக் கோடு. எங்கள் பிரிவில் 7-ஐ அப்படி எழுதுவது நான் மட்டும்தான். அதில் இரண்டு கோடுகள்... இன்னும் ஈரமாக.

பேனாவை மூடி வைத்தேன். எழுதவில்லை.

2.21. லொக்...

2.23. லொக்... பக்கத்தில்.

2.25. டைமர் அடித்தது.

மூன்றாம் கட்டில் பட்டையில் இரண்டாவது கோடு. மயிரிழை போல. ஆனால் இருந்தது.

இருமல் நின்றது. தட்டில் ஒரே பட்டை.

அப்பாவைத் தனி அறைக்கு மாற்றும்போது மகள் சொன்னாள்: "நல்லவேளை, அந்தம்மா சொன்னாங்க."

"எந்தம்மா?"

"உங்க பக்கத்துலயே நின்னாங்களே, சிஸ்டர்."

டியூட்டி முடிந்ததும் பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். மூன்று வருடங்களுக்கு முன், கூட்டம் அலைமோதிய நாட்களில், அந்தச் சுவரோரம் ஏழாவதாக ஒரு கட்டில் போட்டிருந்தோம். மறந்தே போயிருந்தேன்.

கட்டில் 7. பெண், வயது 52. வைத்தது 2.10. பார்த்தது 2.18. நெகட்டிவ். கீழே என் கையெழுத்து.

அவரை அனுப்பியிருந்த பொது வார்டில் விசாரித்தேன். மறுநாள் சோதனையில் அவருக்குக் கிருமி இருந்ததாம். மூன்றாம் நாள் இறந்திருக்கிறார். பக்கத்துக் கட்டில்காரரும்தான்.

அப்போது ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அந்தம்மா என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அவசரத்தில் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது.

"சிஸ்டர்... பதினஞ்சு ஆகலையே."