மூலை இல்லாத அறை

இது கதை இல்லை. நம்ப முடியாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கெஞ்சி நம்பவைக்க வேண்டும் என்று எனக்குத் தலையெழுத்து இல்லை. பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று எவர் சொன்னாரோ தெரியாது. எனக்கு நடந்தது பட்டப்பகலில், மூன்றேகால் மணிக்கு.

நான் கட்டட வடிவமைப்பாளர். மருத்துவமனைகளுக்கு அறைகள் வரைவதுதான் பிழைப்பு. என் வாய்த்துடுக்கைப் பார்த்துத் தங்கை எனக்கு வைத்த பெயர் குண்டூசி. அப்படிக் கூப்பிட அவளுக்கு மட்டும்தான் துணிச்சல் உண்டு. கல்யாணமாகிப் புது வீட்டுக்குப் போன நாளிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. படுக்கையறை மூலையில் ஒருத்தி நிற்கிறாளாம். அச்சு அசல் தன்னைப் போலவே இருக்கிறாளாம். அவள் கணவர் ஒரு மாதம் பார்த்தார். இன்னும் ஒரு வாரம்தான், அப்புறம் மனநல விடுதியில் தள்ளிவிடுவேன் என்றார். தள்ளுவாராம், குப்பையைப் போல!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூரான மூலைகளைக் கண்டால் மூளையில் பயத்துக்கான பகுதி விழித்துக்கொள்ளும், வளைவுகளைக் கண்டால் அடங்கும் என்று ஆய்வுகளில் படித்திருந்தேன். மூலை இருந்தால்தானே ஒருத்தி வந்து நிற்பாள்? நாலு மூலைகளையும் வளைந்த பலகை வைத்து மூடச் சொல்லிவிட்டேன். பலகைக்குப் பின்னால் ஓர் ஆள் ஒடுங்கி நிற்கும் அளவுக்கு இடம் விழுந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. தச்சர் வேலை செய்த அன்று முழுக்கத் தங்கையை டாக்டரிடம் கூட்டிப்போய் என்னுடனேயே வைத்திருந்தேன்.

அன்றிரவே அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். டாக்டர் சொல்லி அவள் தலையில் மாட்டிய பட்டை மூளையின் அலைகளை என் கைபேசியில் கோடாகக் காட்டியது. அவ்வளவு அமைதியான கோட்டை நான் பார்த்ததே இல்லை. கணவர்கூடப் பல்லைக் காட்டினார். எனக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் மதியம். பட்டையைக் கழற்றாமலே அவள் கட்டிலில் தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் முழங்கை பட்டுக் கண்ணாடி ஜாடி கீழே விழுந்து நொறுங்கியது.

தூங்கும் மூளையும் சத்தத்துக்குத் துள்ளும். கோடு துள்ளவில்லை.

அப்போதுதான் உறைத்தது... மூன்று நாளாக அவள் என்னை ஒரு தடவைகூடக் குண்டூசி என்று கூப்பிடவில்லை.

டொக்... டொக்...

சுவருக்குள்ளிருந்து.

எலி என்று நினைத்தேன். வளைந்த பலகையில் காதை வைத்தேன்.

"குண்டூசி... மூச்சு முட்டுது..."

என் தங்கையின் குரல்.

திரும்பிப் பார்த்தேன். கட்டிலில் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

பையில் இருந்த கத்தியால் பலகையைக் குத்தினேன். கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. கையை விட்டேன்.

உள்ளே... சில்லென்று ஐந்து விரல்கள்.

என் கையைப் பிடித்துக்கொண்டன. விடவே இல்லை.

"எதுக்குத் திறக்கிற?"

பின்னாலிருந்து கேட்டது.

அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண் சிமிட்டவில்லை. கைபேசியில் அதே கோடு...

விரல்கள் நழுவின.

நான் அலறிய அலறலில் கணவர் ஓடிவந்தார். "உங்க அக்காவுக்குத்தான் கிறுக்கு" என்று அவளிடம் சொல்லியபடியே என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். உள்ளே அவள் சிரிப்பது கேட்டது. என் தங்கை அப்படிச் சிரிக்கமாட்டாள். நான் கூப்பிட்ட போலீஸ் வந்தது, ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று எனக்கே புத்திமதி சொல்லிவிட்டுப் போனது.

மறுநாள் அதே தச்சர் ஓட்டையை அடைத்துவிட்டு வெளியே வந்தார். வாசலிலேயே அவரை மறித்தேன். மூடும்போது உள்ளே ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். இன்றைக்கு ஒன்றும் இல்லை என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கினார்.

"முதல்நாள் மூடுறப்பதான்... உங்க தங்கச்சி மூலையிலேயே நின்னாங்க. தூசி விழும், நகருங்கம்மான்னேன். நகரலை. 'நீங்க மூடுங்க, உள்ள இருக்கப்போறது நான் இல்லை'ன்னாங்க. பலகையை எடுத்துட்டுத் திரும்பினா ஆளைக் காணோம், மூடிட்டேன். உடம்பு சரியில்லாதவங்கன்னு அவங்க வீட்டுக்காரர் சொல்லியிருந்தாரு. அதான் நான் எதுவும் கேக்கலை."

அந்த நேரத்தில் என் தங்கை டாக்டர் அறை வாசலில், என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.