நாலு கேள்வியும் ஈரப் பருத்தியும்

எழுதிப் பழகாத கை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. முன்னே பின்னே மறந்து எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜபாளையத்தில் பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஒரு ஜின்னிங் ஆலையில் என் வீட்டுக்காரர் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். கல்யாணத்துக்கு முன் நான் அங்கேதான் மெஷின் உருளைக்குக் கையால் பருத்தி ஊட்டினேன். பிறகு என் இடத்தில் தங்கை உட்கார்ந்தாள். ஒருநாள் பக்கத்து மெஷின்காரியின் விரலை உருளை இழுத்துக்கொண்டது. அன்றிலிருந்து தங்கை கை தப்ப வேண்டுமே என்பதுதான் எங்கள் கவலை.

மெஷின் பூட்ட வந்த எஞ்சினியரிடம் இவர் புதுசாக யோசிக்க ஒரு வழி கற்றிருந்தார். அடுப்படிச் சுவரில் கரியால் நாலு கேள்வி எழுதினார். எதை எடுத்துவிடலாம்? எதைத் தலைகீழாக்கலாம்? எதோடு எதைச் சேர்க்கலாம்? இதே வேலை வேறு எங்கே நடக்கிறது? வாயில் வந்த பதிலையெல்லாம் எழுத வேண்டும். சிரிப்பாக இருந்தாலும் கோடு போட்டு அடிக்கக் கூடாது.

"அத்தான், என் கைய எடுத்துட்டா?" என்றாள் தங்கை.

"ஏட்டி, வாயக் கழுவு," என்றேன்.

அவர் அதையும் எழுதினார். கையில்லாமல் பருத்தி எப்படி விழும்? நாலாவது கேள்விக்கு மாவு மில்லின் தானியப் பெட்டி பதிலாக வந்தது. அதேபோல் அடி சரிந்த மரப்பெட்டி செய்தார். மேலே கொட்டினால் பருத்தி தானாக உருளைக்குச் சரியும்.

ஆலை மேஸ்திரி அதைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். வீட்டில் காய்ந்து கிடந்த பருத்தியைக் கொட்டிக் காட்டினார் இவர். வழுக்கிக்கொண்டு விழுந்தது. கதவோரம் பாதி மறைந்து நின்ற எனக்கு ஈரப் பருத்தி நினைவுக்கு வந்தது. மாசியில் கான்சாபுரத்து வண்டிகளில் வரும் பருத்தி பனியில் நனைந்திருக்கும். பெட்டி வாயில் அடைக்கும். அடைத்தால் கையை விட்டுத்தான் தள்ளுவோம்.

"ஏதும் விட்டுப்போச்சாட்டி?" என்று இவர் கதவைப் பார்த்துக் கேட்டார். வேற்று ஆம்பளை முன்னால் எனக்குக் குரல் வராது. இல்லையென்று தலையாட்டிவிட்டேன்.

மேஸ்திரி பெட்டியோடு போன பிறகுதான் சொன்னேன். இவர் ஆலைக்கு ஓடினார்.

"பொம்பள பேச்சக் கேட்டு வாரீராக்கும்? மொதலாளிட்ட சொல்லியாச்சு, போவும் வேய்," என்று மேஸ்திரி இவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பெட்டியைத் தங்கை மெஷினில் பூட்டினார்கள். அவளிடம் கெஞ்சினேன், உள்ளே கையை விடாதே என்று.

"அடைச்சா பொறவு எத விட்டுத் தள்ள? ஒன் மூக்கையா?" என்று சிரித்தாள்.

மாசியில் ஒரு காலை பெட்டி அடைத்தது. அவள் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

சுவரைத் துடைக்க ஈரத்துணி எடுத்தேன். "இருக்கட்டும்," என்றார்.

கேள்விகளின் வரிசை இதுதானா, பெட்டியின் சரிவு எம்புட்டு என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. ஜின்னிங் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். ஈரப் பருத்தி அடைக்காமலிருக்க அதில் எதை மாற்றியிருக்கலாம் என்றும் சொல்லுங்கள்.