பிந்தி வருகிறவர்களின் செபமாலை

பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வரும் பிள்ளையை என்ன செய்வது என்று கேட்டால் ஆளுக்கொரு தண்டனை சொல்வார்கள். முழங்காலில் விடு, குப்பை பொறுக்க விடு, வீட்டுக்குத் திருப்பி அனுப்பு. எங்கள் அதிபர் சிஸ்டர் கண்டுபிடித்தது வேறு. பிந்தி வந்த பிள்ளை முற்றத்து மாதா கெபிக்கு முன்னால் நின்று ஒரு முழுச் செபமாலை சொல்லி முடித்த பிறகுதான் வகுப்புக்குள் போகலாம். அடி இல்லை, ஏச்சு இல்லை, ஆத்துமத்துக்கும் நல்லது. முதல் பாடம் மட்டும் போய்விடும். ஒன்பதாம் வகுப்புக்கு முதல் பாடம் கணிதம். அதைப் படிப்பிக்கிறது நான்.

மானிப்பாயிலிருந்து இரண்டு பஸ் மாறித்தான் அந்தக் கரையோரப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நானும் பிந்துவேன். விஞ்ஞான ஆசிரியர் என்னைவிடப் பிந்துவார். எங்களை யாரும் கெபிக்கு அனுப்பியதில்லை.

அந்த வகுப்பில் ஒருத்தி ஒவ்வொரு நாளும் பிந்தினாள். சோம்பேறித்தனம் என்றால் நானே நாலு வார்த்தை ஏசியிருப்பேன். தகப்பன் கடலுக்குப் போகிறவர். தாய் நண்டுக் கொம்பனியில் சதை எடுக்கிறவர். விடியவே கொம்பனி வான் வந்து தாயை ஏற்றிப்போகும். சின்னத் தம்பியை நேர்சரியில் விட்டுவிட்டுத்தான் பிள்ளை பள்ளிக்கூடம் வர வேண்டும். பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்கும். நேர்சரிக் கேற் எட்டு மணிக்குத்தான் திறபடும். நேர்சரி வேறெங்கோ இல்லை, எங்கள் மதிலோடு ஒட்டின கட்டிடம். அதை நடத்துவதும் எங்கள் பள்ளிக்கூடத்தை நடத்தும் அதே கன்னியர் மடம். கேற்றுப் பூட்டின் திறப்பு இருப்பது அதே சிஸ்டரின் கையில். எட்டு மணிக்கு அந்தக் கேற்றைத் திறந்து தம்பியைச் சிரித்த முகத்தோடு உள்ளே எடுப்பார். பிறகு இந்தப் பக்கம் திரும்பி அக்காவைக் கெபிக்கு அனுப்புவார். இதைப் பார்த்துக்கொண்டு நான் எத்தனை தரம் பல்லைக் கடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் இல்லை. அதன் பிறகு பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் எடுக்க வேண்டும். அங்கே தமிழிலும் கணிதத்திலும் ஒரு சோதனை வைப்பார்கள். தாய் என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்:

"எடுபட்டா படிக்கட்டும் ரீச்சர். எடுபடாட்டி படிப்பை மறிச்சுப்போடுவன். தம்பியைப் பாக்கிறதுக்கும் ஆள் வேணும்தானே."

நேரசூசியை மாற்றித் தரும்படி சிஸ்டரிடம் கேட்டேன். விஞ்ஞானத்தை முதலில் போட்டால் ஆசிரியரே வந்து சேரமாட்டார் என்றார். அது உண்மை. இடைவேளையில் அவளை இருத்திக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். பாதியில் மணி அடித்துவிடும். பள்ளிக்கூடம் விட்டதும், நேர்சரி முடிந்து பக்கத்து வீட்டில் நிற்கும் தம்பியைத் தூக்க ஓடிவிடுவாள். தண்டனையையாவது இடைவேளைக்குத் தள்ளுங்கோ என்று கெஞ்சினேன். அதற்கு ஒரே பதில்தான் வரும்.

"உங்கடை சபையிலை செபமாலை இல்லைத்தானே ரீச்சர். உங்களுக்கு அது விளங்காது."

என்ன சொன்னாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். நாங்கள் புரட்டஸ்தாந்துக்காரர், எங்கள் வீட்டில் மாதா சுரூபம் இல்லைதான். அதற்கும் காரணிப்படுத்தலுக்கும் என்ன சம்பந்தம்? சிஸ்டரைக் கெட்டவர் என்று சொல்ல என் வாய் வராது. பசியோடு வந்த பிள்ளைக்குத் தன் காலைச் சாப்பாட்டுப் பாணைப் பிய்த்துக் கொடுக்கிற மனுசி அவர். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

செபமாலை மாதம் வந்தது. வெளியூரிலிருந்து ஒரு பாதரை அழைத்திருந்தார்கள். முழுப் பள்ளிக்கூடமும் கெபிக்கு முன்னால் நின்றது. செபமாலை தொடங்க இருந்த மாணவத் தலைவி வெயிலில் மயங்கி விழுந்துவிட்டாள். சிஸ்டர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு நண்டுக் கொம்பனிக்காரியின் மகளைக் கூப்பிட்டார். அவள் தயங்கவே இல்லை. தேவ இரகசியங்கள், இடையில் வரும் செபங்கள், கடைசியில் மன்றாட்டுமாலை, ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தாள்.

பாதருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "முதல் நன்மை எப்ப பிள்ளை எடுத்தனி?" என்று கேட்டார்.

"நான் சைவம், பாதர்."

"பிறகு எப்பிடி இவ்வளவையும் பாடமாக்கினனி?"

"நான் ஒவ்வொரு நாளும் பிந்தி வாறனான், பாதர்."

பாதர் வாய்விட்டுச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடுத்த கணமே கோபமும் வந்தது. சிஸ்டரோ என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களோ ரீச்சர்? பாடம் போகுது, பாடம் போகுது எண்டு அழுதியள். மாதா பிள்ளைக்கு எவ்வளவு குடுத்திருக்கிறா!" என்றார்.

அன்றைக்கு நான் மரியாதையை ஒரு பக்கம் வைத்துவிட்டு நேரடியாகவே கேட்டேன். "சிஸ்டர், அந்த நேர்சரிக் கேற்றை ஏழேகாலுக்குத் திறவுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

"ஏழேகாலுக்கு நாங்கள் செபத்திலை நிப்பம், ரீச்சர். அதோடை ஒருத்திக்குத் திறந்தா, கொம்பனிக்குப் போற எல்லாரும் கொண்டந்து விட்டிட்டுப் போயிடுவினம்."

"விடட்டுமே! அதுக்குத்தானே நேர்சரி?"

சிஸ்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் இதையும் விளங்காத ஆள் என்று முடிவுகட்டிவிட்டார் போலிருந்தது.

பட்டணத்துச் சோதனையில் தமிழ் அவளுக்கு நன்றாக வந்தது. கணிதத் தாளில் முக்கால்வாசி வெறுமை. அவள் விட்டதெல்லாம் நான் முதல் பாடத்தில் படிப்பித்தவை. இடம் கிடைக்கவில்லை. தாய் சொன்னபடியே மறித்துவிட்டார்.

அடுத்த வருடம் புது ஒன்பதாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது யன்னலால் அவளைக் கண்டேன். நேர்சரிக் கேற்றடியில் தம்பியைக் கையில் பிடித்தபடி நின்றாள். சிஸ்டர் திறப்போடு வந்தார்.

"பார், இப்ப ஒவ்வொரு நாளும் சரியா நேரத்துக்கு வாறாய்! கெட்டிக்காரி," என்றார் முகம் மலர.

"ஓம் சிஸ்டர்," என்றாள் அவள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெபிக்கு முன்னால் அன்றைக்குப் பிந்தி வந்த ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளை மன்றாட்டுமாலையில் இடறி நின்றது. அவள் தம்பியை உள்ளே அனுப்பிவிட்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தாள்.