செவலையோட துண்டு

அண்ணே, டிஸ்ப்ளே ஒட்டுன பசை காயணும், எப்படியும் நீங்க இங்கதான் உக்காந்திருக்கப் போறீங்க, அதனால சொல்றேன். நம்ப மாட்டீங்கன்னு தெரியும். வேற யாராவது இதை எங்கிட்ட சொல்லியிருந்தா நானே நல்லா ஓட்டி விட்டிருப்பேன். கோரிப்பாளையத்துல இம்புட்டு வருஷமா செல்போன் சர்வீஸ் பாக்குறேன், எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒண்ணு போர்டுல கோளாறு, இல்ல பேட்டரில கோளாறு. இதுக்கு மேல என்னமோ இருக்குன்னு எவன் சொன்னாலும் நான் ஏத்துக்கிட்டதில்ல. எங்க மாமியா தர்காவுல ஓதி வாங்கிட்டு வர்ற கயித்தக்கூட, அவுக மனசு நோகுமேன்னு கட்டிக்கிட்டு, வாசல் தாண்டுனதும் கழட்டி பாக்கெட்ல போட்டுக்குற ஆளு நான்.

என் வீட்டுக்காரி ஷஹானா வீட்டுலயே கணக்கு டியூஷன் எடுக்குறா. அவளோட காலையில நடக்கப் போற பொம்பளைக யாரோ சொல்லி, ஒரு விளையாட்டுக்கு எங்க ரெண்டு பேர் பேரையும் குடுத்துட்டா. ஓரியன்டியரிங்காம், அந்தப் பேரை ஒழுங்காச் சொல்லவே எனக்கு நாலு நாள் ஆச்சு. பெருசா ஒண்ணுமில்லண்ணே, ஜோடி ஜோடியாப் போகணும், கையில ஒரு மேப்பும் காம்பஸும் குடுப்பாங்க, வயக்காட்டுல அங்கங்க ஆரஞ்சு வெள்ளைக் கொடி கட்டியிருப்பாங்க, ஒவ்வொண்ணாத் தேடிக் கண்டுபிடிச்சு அதுல தொங்குற ரிப்பன்ல ஒண்ண எடுத்துட்டு வரணும். முதல்ல வர்ற ஜோடிக்கு ஒரு மெடல். போன் இருந்தா வழி பாத்துருவோம்ல, அதனால ஆரம்பத்துலயே எல்லார் போனையும் வாங்கி ஒரு பையில போட்டுட்டாங்க. போன் ரிப்பேர்காரன் போன் இல்லாம நிக்கிறேன், எனக்கு அப்பவே கை சும்மா இருக்க மாட்டேங்குது.

அலங்காநல்லூர் தாண்டி வாடிப்பட்டி பக்கம் போற வழியில, போன வருஷம் பொங்கல் முடிஞ்சு வெயில் ஏற ஆரம்பிச்ச சமயம். கரும்பு வெட்டி முடிஞ்ச வயலு, வத்திப்போன கண்மாய், நடுவுல கருவேல முள்ளு. கிளம்பும்போது போட்டிய நடத்துற தம்பி எங்க மேப்புல ஒரு நீல வட்டத்தைச் சுத்தி சிவப்புப் பேனாவால கோடு போட்டு, "அண்ணே, இந்தக் கெணத்துக்குச் சுவரு கிடையாது, தரையோட தரையா இருக்கும், அந்தப் பக்கம் மட்டும் போயிராதீக"ன்னு சொன்னான். நான் சரி சரின்னேன். மேப்பு பாக்குறதெல்லாம் ஷஹானா வேலை, எனக்குத் தண்ணி பாட்டில் தூக்குற உத்தியோகம்தான். அவளுக்கு எல்லாத்துலயும் தைரியம் ஜாஸ்தி, மாடு ஒண்ணைத் தவிர. எங்க தெருவுல ஒரு கன்னுக்குட்டி குறுக்க நின்னாக்கூட அடுத்த தெரு வழியாச் சுத்தி வருவா. நான் அதுக்கு அவளைக் கேலி பண்ணாத நாளே கிடையாது.

கடைசிக் கொடி ஒண்ணுதான் பாக்கி. உச்சி வெயில். கண்மாய்க் கரைக்குக் கீழ ஒரு மண் மேடு, அதுல ஒரு கல்லு நட்டிருக்கு, கல்லுல துணி கட்டியிருக்கு. ஆரஞ்சுக் கலரு, ஓரத்துல வெள்ளை. கொடிதான்னு நெனச்சுட்டோம். கிட்ட போனா ரிப்பன் எதுவுமே இல்ல. "முன்னாடி வந்தவங்க எல்லாத்தையும் உருவிட்டுப் போயிட்டாங்க போலங்க, இதையே கொண்டு போயிக் காட்டுவோம்"னு சொல்லிட்டு ஷஹானா முடிச்சுல கை வச்சா. எத்தன நாள் வெயில்லயும் பனியிலயும் கெடந்த முடிச்சு, நகத்தால கிள்ளணும்னுதான் நான் நெனச்சேன், அவ தொட்டதும் தானா அவுந்து கையில விழுந்துச்சு. அது கொடி இல்ல, துண்டு. செவப்புத் துண்டு வெளுத்து அந்தக் கலருக்கு வந்திருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்.

திரும்பிப் போற வழி தெரியுதான்னு பாக்க நான் மேப்பை வாங்கிக்கிட்டு கரை மேல ஏறுனேன். அவ பின்னாடியே வர்றான்னு நெனச்சுப் பேசிக்கிட்டே ஏறுறேன். மேல போயித் திரும்பிப் பாத்தா அவ எதிர்த் திசையில வயலுக்குள்ள நடந்து போய்க்கிட்டு இருக்கா. வலது கையை முன்னாடி நீட்டி, எதையோ இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, கொஞ்சம் பின்னால சாஞ்சாப்புல நடக்குறா. இழுத்துக்கிட்டுப் போறவுக அப்படி நடக்க மாட்டாக, இழுபட்டுப் போறவுகதான் அப்படி நடப்பாக. அப்பத்தான் எனக்கு மணிச் சத்தம் கேட்டுச்சு. மாட்டுக் கழுத்து மணி. கண்ணுக்கெட்டுன தூரம் ஒரு மாடு கிடையாது.

கூப்பிட்டேன், திரும்பல. எறங்கி ஓடுனேன். நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க, நான் ஓடுறேன், அவ நடக்குறா, தூரம் குறையவே மாட்டேங்குது. கரும்புத் தோகை காலைக் கிழிக்குது, மூச்சு முட்டுது, அவ அதே தூரத்துல அதே நடையில போறா. கையில மேப்பு இருக்குல்ல, அதைப் பாக்குறேன், எனக்கு அதுவரைக்கும் சரியாப் படிக்கத் தெரியாத மேப்பு அன்னைக்குப் பளிச்சுன்னு புரியுது, அவ போற கோட்டுல நேரா அந்தச் சிவப்புப் பேனா வட்டம். எனக்கு எல்லாம் தெரியுது, ஆனா ஒண்ணும் பண்ண முடியல. அதை எப்படிச் சொல்றதுன்னே தெரியலண்ணே. மண்ணாங்கட்டியை எடுத்து அவ மேலயே எறிஞ்சேன், மண்டையில பட்டாலும் பரவால்ல, திரும்பட்டும்னு. எதுவும் எட்டல. துவா ஓதலாம்னு வாயெடுத்தா சின்ன வயசுலருந்து ஓதுனதுல ஒரு வரி ஞாபகம் வரல. ஷஹானா ஷஹானான்னு கத்தி கத்தி, கடைசில சத்தமும் போயி, அப்படியே வயல்ல முட்டி போட்டுட்டேன். என் கண்ணு முன்னாடி போறா, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

பக்கத்துக் கத்தரித் தோட்டத்துல தண்ணி பாச்சிக்கிட்டு இருந்த ஒரு ஆளு, என் வயசுதான் இருக்கும், என் கத்தலைக் கேட்டு மம்பட்டியோட ஓடி வந்தாரு. என்னைப் பாத்தாரு, கரைக்குக் கீழ அந்தக் கல்லைப் பாத்தாரு, அது மொட்டையா நிக்கிது. அப்புறம் அவளைப் பாத்தாரு. மம்பட்டியைக் கீழ போட்டுட்டு, கையை வாய்க்கிட்ட குவிச்சு, நாக்கால ஒரு சத்தம் குடுத்து, "செவல... நில்லுய்யா"ன்னு கூப்பிட்டாரு.

அவ நின்னா.

"வெயிலாயிருச்சுய்யா. வாய்யா, வீட்டுக்குப் போவோம்"னாரு, அந்தக் குரல் கடைசில உடைஞ்சு போச்சு. ஷஹானா மெதுவாத் திரும்பி நடந்து வந்தா. நான் நாயா ஓடியும் தாண்ட முடியாத தூரத்தை அவ நாலு எட்டுல வந்துட்ட மாதிரி இருந்துச்சு. எழுந்து போயிப் பாத்தேன், அவ நின்ன இடத்துக்கு ஒரு எட்டு அந்தப் பக்கம் அந்தக் கெணறு, உள்ள புறா பறக்குறது தெரியுது.

வந்தவ எங்கிட்ட சண்டைக்கு வர்றா. "என்னங்க, கூப்பிடக் கூப்பிட என்ன விட்டுட்டு நீங்க பாட்டுக்குப் போறீங்க, அந்தக் கல்லுக்கிட்ட நின்னு தொண்டை வத்துற வரைக்கும் கத்துறேன், ஒரு தடவையாச்சும் திரும்பிப் பாத்தீங்களா?"ன்னு அழுகுறா. இருந்த இடத்தை விட்டு ஒரு அடி நகரலையாம். நாந்தான் போய்க்கிட்டே இருந்தேனாம். அவ வலது உள்ளங்கையை விரிச்சுப் பாத்தா, கயிறு உருவுனா தோல் வழண்டு போகும்ல, அந்த மாதிரி செக்கச்செவேல்னு ஒரு தடம்.

அந்தாளுதான் சொன்னாரு. செவலை அவுக ஊர்க் கோயில் காளையாம், வளத்ததே அவருதானாம். வயசாகிச் செத்ததும் ஊரே கூடி அங்க பொதைச்சு, வருஷா வருஷம் பொங்கலுக்குக் கொம்புல கட்டுற மாதிரி அந்தக் கல்லுக்கு ஒரு துண்டு கட்டுவாகளாம். அது தானா நைஞ்சு விழுகணும், ஒருத்தரும் அவுக்கக் கூடாது. நான் அவர் கையைப் புடிச்சுக்கிட்டு, "அண்ணே, தெரியாமப் பண்ணிட்டோம், துண்ட நீங்களே திரும்பக் கட்டிருங்க"ன்னு கெஞ்சுனேன். வாங்க மாட்டேன்னுட்டாரு.

"ஜல்லிக்கட்டுல துண்ட எடுத்தவுகதான் மாட்டப் புடிச்சவுக. அவுக கையிலருந்து திரும்ப வாங்குற வழக்கம் எங்க ஊருல இல்ல பாய். உசுரோட இருந்த வரைக்கும் இவன எந்த வீரனும் புடிக்கல" அப்படின்னவரு, ஷஹானாவைப் பாத்து, "நல்லா வச்சுக்க தாயி"ன்னு மட்டும் சொல்லிட்டு, தன் தோள் துண்டால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டே தோட்டத்துக்குப் போயிட்டாரு.

அப்புறம் ஷஹானாவைக் கூட்டிட்டுப் போயிக் காட்டுன டாக்டர், வெயில்ல நீர்ச்சத்து கொறஞ்சு போச்சுன்னாரு. நானும் அதையே புடிச்சுக்கிட்டேன், பேட்டரி கோளாறு மாதிரி நமக்குப் புரியிற விஷயம்ல அது. கையில தடம் ஆறிடுச்சு. துண்டு இன்னும் எங்க பீரோவுலதான் இருக்கு, அதைத் தூக்கிப் போட எனக்குத் தைரியம் இல்ல, அவளும் விட மாட்டா. அத்தோட முடிஞ்சதுன்னுதான் நெனச்சேன்.

இந்தப் பொங்கலுக்கு முந்தி, அவளைப் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு வண்டியில நம்ம கோரிப்பாளையம் சிக்னல்ல நிக்கிறேன். பக்கத்துல ஒரு மினி லாரி, ஜல்லிக்கட்டுக் காளை ரெண்ட ஏத்திட்டுப் போறாங்க. ரெண்டும் திமிறிக்கிட்டு, கட்டையில மோதிக்கிட்டு நிக்கிதுக, கூட இருக்குற பசங்களால புடிக்க முடியல. மாடுன்னா அவ பயப்படுவாளேன்னு வண்டியை ஒதுக்கலாம்னு பாத்தேன். கண்ணாடியில தெரியுது, அவ லாரிப் பக்கம் பாக்கக்கூட இல்ல, எங்கயோ பராக்குப் பாத்துக்கிட்டு, வலது கையை மட்டும் மூடி லேசா முன்னாடி நீட்டி, நாக்கால ஒரு சத்தம் குடுத்தா. அந்தத் தோட்டத்துக்காரர் குடுத்த அதே சத்தம். ரெண்டு காளையும் அப்படியே அடங்கித் தலையைத் தாழ்த்திருச்சுக. பசங்க கயித்தப் புடிச்சபடி எங்களையே பாக்குறாங்க. நான் திரும்பி அவ மொகத்தப் பாத்தேன்.

"என்ன பாக்குறீங்க, சிக்னல் விழுந்துருச்சு, போங்க"ன்னா.