கல்லால் எட்டுப் போடுகிறவர்

கனத்த கண்ணாடிப் பலகையின்மேல் சென்னம்மாள் எட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஈரமான எமரிப் பொடி கரகரக்கிறது. மூன்று விரல்களின் கீழ், கண்ணாடிச் சில்லில் ஒட்டிய கல் சுழன்று சுழன்று மெலிகிறது. நேர்க்கோட்டில் தேய்த்தால் ஒரு பக்கம் மட்டும் கரைந்துவிடும். "லைசென்சு குடுக்கற ஆபீசரு வந்து நிக்கட்டும். கால ஊணாம எட்டுப் போட்டுக் காட்றேன்" என்கிறார், தலை நிமிராமலே.

ஓசூரில் ஒரு கிரானைட் ஆலையில் நெடுங்காலம் மெருகேற்றியவர். "எம் பாலீசுல மூஞ்சி பாத்துத்தான் மேஸ்திரி மீசை ஒதுக்குவாரு." இப்போது உத்தனப்பள்ளியில், வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில், ஆய்வாளர்களுக்காகக் கல்லைத் தலைமுடியிலும் மெல்லிய வில்லையாக்கித் தருகிறார்.

2007ஆம் ஆண்டில், பெங்களூர் ஆய்வு மாணவர் ஹரீஷ்குமார் ஒரு கல் கொண்டுவந்தார். அதில் கறுப்புப் பொட்டுகள் இருந்தன. ஆலையில் அவற்றுக்கு மச்சம் என்று பெயர். மச்சம் விழுந்த பலகையை ஏற்றுமதிக்காரர் தொடமாட்டார். ஹரீஷுக்கு வேண்டியதோ அந்த மச்சமே. அதன் கனிமத்தில் அலுமினியம் எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவு என்று கருவியில் அளந்தால், அது உறைந்த பாறைக்குழம்பில் எவ்வளவு நீர் இருந்தது என்று கணிக்கலாம். நீர் மிகுந்திருந்தால், கடல்தளம் ஒன்று நிலத்துக்கு அடியில் அமிழ்ந்து, தன் நீரைக் கொடுத்து எரிமலைகளை எழுப்பியதற்கு அது சான்றாகும்.

முதல் வில்லை திரும்பி வந்தது. ஆலைப் பழக்கத்தில் சென்னம்மாள் கடைசியாகக் கறுப்பு எண்ணெய் தடவி அனுப்பியிருந்தார். கருவி கல்லை விட்டு எண்ணெயைப் படித்தது. "பொண்ணு பாக்க வராங்கன்னு பவுடர் பூசி உட்டுட்டேன். அவுங்களுக்கு மூஞ்சி கழுவின பொண்ணு வேணுமாம்!" எஞ்சியது விரல்நகம் அளவு கல். அதை எடுத்த குவாரியில் தண்ணீர் நிறைந்துவிட்டது. வேறு துண்டுக்கு வழியில்லை.

அந்தத் துண்டைத் தேய்த்த அன்று, அவரைப் பற்றி எழுத வந்த நானும் உடனிருந்தேன். ஹரீஷ் நுண்ணோக்கியில் பார்ப்பதும் சென்னம்மாள் தேய்ப்பதுமாகப் பொழுது நகர்ந்தது. சரியான மெலிவை எட்டும்போது வில்லையிலுள்ள படிகக்கல் மஞ்சள் நீங்கிச் சாம்பல் நிறமாகத் தெரியும். அதற்குமேல் ஓர் எட்டுப் போட்டாலும் மச்சம் பெயர்ந்துவிடும்.

"அக்கா, ஸ்வல்ப! இன்னும் ஸ்வல்பந்தான்!"

"உன் ஸ்வல்பம் எவ்ளோ, என் ஸ்வல்பம் எவ்ளோன்னு எனக்குத் தெரியும். சும்மா இரு தம்பி."

பாதி எட்டில் கை நின்றது. ஹரீஷ் பார்த்தார். சாம்பல். மச்சம் முழுதாக இருந்தது. எண்ணெய்ச் சீசாவைச் சென்னம்மாளே எடுத்துப் போய் வெளியே வைத்தார்.

அவருடைய வில்லைகளை வைத்து எழுதப்பட்ட ஆய்வறிக்கைகளின் நகல்கள் என்னிடம் வரிசையாக உள்ளன. எல்லாவற்றிலும் 'மாதிரி மெருகிடப்பட்டது' என்றே அச்சாகியிருக்கிறது. மெருகிட்டவர் அந்த வாக்கியத்தில் இல்லை. ஆகவே இங்கே பதிவு செய்கிறேன்: மெருகிட்டவர் சென்னம்மாள், உத்தனப்பள்ளி.

முடிவைச் சொல்ல ஹரீஷ் நேரிலேயே வந்தார். "அந்தக் குழம்புல தண்ணி நெறைய இருந்திருக்கு அக்கா. இருநூத்தைம்பது கோடி வருசத்துக்கு முந்தின கடல் தண்ணி."

"கடலா? இங்க பஸ்சே ஒழுங்கா வராது!"

சிரித்தார். பிறகு, கல்லை வெட்டியபோது உதிர்ந்த சில்லு ஒன்றைத் தேடியெடுத்து, முந்தானையில் துடைத்து, உப்புப் பார்க்கிறவரைப் போல நுனிநாக்கில் வைத்துக் கண்களை மூடிக்கொண்டார்.