தொட்டியைத் தூக்கியதும் எழுந்த வண்டி

அந்தத் தீயணைப்பு வண்டி என் பைக்கைவிடக் குறைவான தூரம்தான் ஓடியிருந்தது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. என்னைவிட மூத்த வண்டி. கர்நாடகப் பக்கம் ஏதோ ஒரு ஃபேக்டரி வளாகத்துக்குள், ஒரே ஷெட்டில், தொட்டி நிறையத் தண்ணீரோடு, எப்போது மணி அடிக்கும் என்று நின்றே காலத்தைக் கழித்திருக்கிறது. அவ்வப்போது ஓர் ஒத்திகை, மறுபடி ஷெட். ஏலத்தில் எடுத்து அத்திப்பள்ளி தாண்டி ஓட்டிவந்தபோது எனக்கு அதன்மேல் கோபம்கூட வந்தது. இவ்வளவு நல்ல இன்ஜினை வைத்துக்கொண்டு எப்படி சும்மா நின்றாய்?

எனக்கு நிற்க வராது. ஆனால் என் வேலையே நிற்பதுதான். இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் ட்ரெய்னி. லைனில் வரும் உருப்படியை எடுக்க வேண்டும், அளக்க வேண்டும், வைக்க வேண்டும், அடுத்ததை எடுக்க வேண்டும். ஷிஃப்ட் பஸ்ஸில் போகும்போது ஜன்னலில் பார்ப்பேன்: பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ரோட்டோரம் ஒரு கார், பக்கத்தில் குடும்பமே வெயிலில். ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போதும் அதே கார், அதே குடும்பம். ஏற்றிப்போகும் வண்டி பெங்களூரிலிருந்து வர வேண்டும். நமக்கென்று ஒரு கார் ஏற்றும் வண்டி இங்கேயே இருந்தால்? இந்த நினைப்பு வந்தபிறகு எனக்கு ராத்தூக்கம், பகல்தூக்கம் இரண்டும் போச்சு.

கூட்டுச் சேர்ந்தவர் மாமா. அக்காவைக் கட்டியவர். திருநெல்வேலிப் பக்கமிருந்து வெல்டர் வேலைக்கு ஓசூர் வந்து, எங்கள் வீட்டு மாப்பிள்ளையாகி, இன்னும் அந்த ஊர்ப் பேச்சை விடாதவர். தீயணைப்பு வண்டியின் தொட்டியைக் கழற்றிவிட்டுக் கார் ஏற்றும் மேடை வைப்பதாகத் திட்டம். லீவு நாளில் வெல்டிங் அவர். மற்ற எல்லாம் நான்.

சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. கம்பெனியில் என்னை பெர்மனன்ட் ஆக்குவதாகச் சொல்லிவிட்டார்கள். வருகிற திங்கட்கிழமை கையெழுத்து. நான் வேண்டாம் என்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஓசூரில் அந்த வார்த்தைக்கு இருக்கிற மரியாதையை என்னவென்று சொல்ல? கல்யாணப் பேச்சில் ஜாதகத்துக்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள். அம்மா கோயிலுக்கே போய்வந்துவிட்டாள். அக்காதான் நடுவில் நின்று தீர்ப்பு சொன்னாள்.

"சனிக்கிழமை உன் மொத சவாரி இருக்குதில்ல? அந்தக் காரு ஒரு கீறல் இல்லாம போய்ச் சேரட்டும். அம்மாகிட்ட நான் பேசறேன். கீறல் விழுந்துச்சோ, திங்கக்கெழமை நீ கையெழுத்துப் போடற, வண்டி காயலான் கடைக்குப் போவுது. இன்னா?"

"சரி" என்றேன், அவள் முடிப்பதற்குள்.

வண்டி நின்றது வேப்பனப்பள்ளியில், எங்கள் மாந்தோப்பில். சிவப்பு வண்டி ஊருக்குள் நுழைந்தபோது இரண்டு பேர் குடத்தோடு பின்னால் ஓடிவந்தார்கள். ஒருவர் தெலுங்கில் தீ எங்கே என்று கேட்டார், இன்னொருவர் தமிழில் தண்ணீர் எப்போ விடுவீங்க என்று கேட்டார். அப்பா தொட்டியையே சுற்றிச்சுற்றி வந்தார்.

"டேய், இதைக் கழட்டறதுக்கு முன்னால மேட்டு மாங்கன்னுங்களுக்கு ஒரு தரம் தண்ணி விட்டுட்டுக் கழட்டுங்கடா. அங்க பைப்பு ஏறல. காயுது."

ஒரு தரம் என்பது பல தரம் ஆயிற்று. போர்வெல்லில் தொட்டியை நிரப்புவது, மேட்டுக்கு ஓட்டுவது, பம்ப்பைப் போட்டால் தண்ணீர் வானத்தில் வளைந்துபோய் விழுவது, ஊர்ப் பிள்ளைகள் அதில் நனைவது. மெய்யாகவே நன்றாக இருந்தது. ஆனால் என் மனசு அதில் இல்லை. சனிக்கிழமை வந்துகொண்டிருந்தது. மாமா ஷிஃப்ட்டில் இருந்தார், எனக்குப் பொறுக்கவில்லை. வண்டி நிரம்பி நின்ற ஒரு காலையில் டேப்பைப் போட்டுப் பின்பக்கம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, கார் ஏறும் சாய்வுப் பலகைகளுக்குக் கணக்குப் போட்டு, மாமாவுக்கு ஃபோனில் அனுப்பினேன். அவர் அந்த வாரமே ஓசூரில் ஒரு பட்டறையில் இரும்பை வெட்டி ஒட்டிவிட்டார். அவ்வளவு அழகான வேலை.

பிறகு கிரேன் வந்தது. தொட்டி மேலே போனபோது நாங்கள் எல்லோரும் அண்ணாந்து அதைப் பார்த்தோம். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். எங்களுக்குப் பின்னால், ஒருவர்கூடப் பார்க்காமல், வண்டி மெல்ல எழுந்து நின்றது. வாழ்நாள் முழுக்கத் தண்ணீர்ப் பாரத்தில் அமுங்கியே கிடந்த ஸ்பிரிங் பட்டைகளுக்கு அன்றுதான் மூச்சு வந்திருக்க வேண்டும்.

தொட்டி போன இடத்தில் மேடையைப் பொருத்தினோம். சோதனைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மாங்காய் ஏற்றும் பிக்கப் வேனை ஏற்றிப் பார்த்தோம். கடகடவென்று ஏறியது. உயரமான வண்டி, எதில்தான் ஏறாது! நான் விசிலடித்தேன். மாமா, "பாத்தியாவே, பூ மாதிரி ஏறுது" என்றார்.

சனிக்கிழமை காலை ஓசூர். கார் ஒரு பல் டாக்டரம்மாவுடையது. அவருக்கு என்னைவிடக் கொஞ்சம் வயது கூட. இன்ஜின் இறுகி நின்றுபோன பழைய கார், பொம்மசந்திராவில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும். முன்பு வைத்திருந்தவன் ஸ்டைலுக்காக அதை இன்னும் தாழ்த்தியிருந்தான். கீழே ஒரு செருப்பு நுழையாது.

விஞ்ச் கம்பியை மாட்டி இழுத்தோம். முன்சக்கரம் பலகையில் ஏறியது, உச்சியைத் தொட்டது, தாண்டியது. அப்போது கர்ரென்று ஒரு சத்தம்.

"நிறுத்துங்க!" டாக்டரம்மா கத்தினார்.

படுத்துப் பார்த்தேன். காரின் வயிறு மேடை விளிம்பில் லேசாக முட்டிக்கொண்டிருந்தது. பெயின்ட் போகவில்லை, சேறுதான் உதிர்ந்திருந்தது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் வயிறு கிழியும்.

"இது காரைத் தூக்கற வண்டியா, வெட்டற வண்டியா?"

"ஒரு நிமிஷம் மேடம்."

மெல்லக் காரைக் கீழே இறக்கிவிட்டு மாமா டேப்பைப் போட்டார். முகம் மாறியது. "மாப்ள, நீ அளந்தப்ப தொட்டி காலியா இருந்துச்சா, நெறஞ்சு இருந்துச்சா?"

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது: தண்ணீர்ப் பாரம் போனதும் வண்டி எழுந்துவிட்டது, பலகையின் சாய்வு கூடிவிட்டது.

"அடப்பாவி. தண்ணியோட சேத்தா அளந்த?"

"நீங்க கேக்கலையே மாமா."

"கேட்டுட்டா வெட்டணும்? இன்ஜினியரு அனுப்புதான்னு வெட்டுனேன்." பிறகு தலையில் கைவைத்துச் சிரித்தார். "அக்காகிட்ட நீயே சொல்லு. நான் ஊருக்கு ரயிலேறுதேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனியில் உருப்படி அளக்கும் கேஜ், திங்கட்கிழமைக்கு முன்னாலேயே கையில் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. எடு, அள, வை. தெருவில் மேலும் கீழும் நடந்தேன். "ஒரு எடத்துல நில்லேன்வே, எனக்குத் தல சுத்துது" என்றார் மாமா. நிற்கவில்லை. நடந்த வேகத்தில் மூன்றாவது வீட்டு வாசலில் என் கால் பள்ளத்தில் இறங்கி, முழங்கால் வரை புழுதி. சாக்கடை வேலைக்குத் தோண்டி, அரைகுறையாக மூடி விட்டிருந்தார்கள். தெருவின் குறுக்கே அகலமான தாழ்வு.

"மாமா! வண்டியைத்தானே தாழ்த்தணும்? பின்சக்கரத்தை இதுல இறக்குங்க!"

பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மேடையின் வால் தாழும், பலகை படுக்கும். மாமா ஓடிப்போய் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். ஆனால் வண்டி அந்த மூன்றாவது வீட்டு கேட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். சத்தம் கேட்டு அந்த வீட்டு அம்மா வெளியே வந்தார். வண்டிக் கதவில் மிச்சமிருந்த சிவப்பையும் அதன் நெற்றியிலிருந்த கன்னட எழுத்தையும் பார்த்தார்.

"பெங்கி எல்லப்பா?" என்றார் பதறி. தீ எங்கே என்கிறார்.

"பெங்கி இல்லம்மா, காரு" என்றேன் பாதிக் கன்னடத்தில். "ஐந்து நிமிஷ" என்று சேர்த்துக்கொண்டேன். அந்தம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார்.

தெருவில் போனவர்களையும் சேர்த்துக் காரை நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தோம். விஞ்ச் இழுத்தது. உச்சி வந்தபோது நான் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தேன். வயிற்றுக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு விரல் வெளிச்சம். அது அப்படியே நகர்ந்து போனது. டாக்டரம்மா கைதட்டினார். ஸ்டூல் அம்மாவும்.

அத்திப்பள்ளி நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. டேஷ்போர்டில் சைரன் ஸ்விட்ச் மட்டும் கழற்றாமல் இருந்தது. என் கை அதை அமுக்கி அமுக்கி விளையாடிக்கொண்டிருந்தது. கை சட்டென்று நின்றது.

"மாமா, இறக்கற எடத்துல பள்ளம் இருக்குமா?"

மாமா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அதத்தான் நானும் ஓசூருலேர்ந்து யோசிச்சுக்கிட்டு வாரேன். சொன்னா நீ குதிச்சுருவேன்னு சொல்லல."

ஒர்க்‌ஷாப் வாசல் கண்ணாடி மாதிரி கான்கிரீட். நான் இறங்கி முன்னால் ஓடினேன், தெருத் தெருவாக. பள்ளமில்லாத ரோடு கிடைப்பது இந்தப் பக்கத்தில் அபூர்வம். அன்றைக்கென்று பார்த்து எல்லாம் சமதரை. கடைசியில் ஒரு காலி மனைக்கு எதிரே சரிவு கிடைத்தது. அங்கே இறக்கினோம். பின்னால் தன் ஸ்கூட்டரில் வந்த டாக்டரம்மா காரின் ஸ்டீயரிங்கில் உட்கார, நானும் மாமாவும் ஒர்க்‌ஷாப் வரை தள்ளினோம். ஆட்டோக்காரர்கள் கன்னடத்தில் சொன்னதை மாமாவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

அக்காவுக்கு ஃபோன் போட்டார் மாமா. "கீறல் இல்லட்டி. நானே பாத்துட்டேன்." கொஞ்ச நேரம் அவள் பேசுவதைக் கேட்டார். "இல்ல, வண்டிலதான் வந்துச்சு. கடைசில கொஞ்ச தூரம் நாங்க தள்ளுனோம்." மறுபடி கேட்டார். ஃபோனைப் பொத்திக்கொண்டு என்னிடம், "தள்ளுனது கணக்குல வருமான்னு கேக்கா" என்றார்.

நான் ஃபோனை வாங்கினேன். "கீறல்னுதானக்கா பேச்சு."

அந்தப் பக்கம் அக்கா சிரித்தாள். "அம்மாகிட்ட பேசறேன். ஆனா தள்ளுன கதையச் சொல்லமாட்டேன்."

திங்கட்கிழமை வழக்கமான ஷிஃப்ட் பஸ்ஸில்தான் போனேன், வேண்டாம் என்று சொல்வதற்கு. ஏன் என்று சார் கேட்டார். என் கால் மேஜைக்கடியில் ஆடிக்கொண்டிருந்தது. வரிசையில் அடுத்திருந்தவன், அந்த இடம் தனக்கு வந்த சந்தோஷத்தில், என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

கேட்டுக்கு வெளியே மாமா வண்டியோடு நின்றார். இன்ஜினை அணைக்கவில்லை. ஸ்பிரிங் கடைக்குப் போகிறோம். பின்னாலிருக்கும் பட்டைகளில் சிலதை உருவினால் வண்டி தாழும்.

"இந்தத் தடவ யாரு அளக்குறது?" என்றார்.

"நீங்க அளங்க. நான் தொட்டி இருக்குதான்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.