கொத்தனார் அடைத்த ஓட்டை

சிடுமூஞ்சிக் கொத்தனார் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். நல்லா இருக்கீங்களா என்று கேட்டால்கூட, "இல்லேன்னா வந்து தாங்கப் போறியா?" என்பார். ஆனால் கைவேலை? அவர் பூசிய சுவர் இதுவரை ஒன்றுகூட வெடித்ததில்லை. அந்தத் திமிரில்தான் மனுஷன் வாழ்ந்துகொண்டிருந்தார்.

தபால் ஆபீஸ் கூரைக்குக் கீழே ஓர் ஓட்டை. அதற்குள் வவ்வால் கூட்டம். பார்சல் மேலெல்லாம் புழுக்கை. "அடைச்சுத் தொலைங்க" என்றுவிட்டார் போஸ்ட்மாஸ்டர். கொத்தனார் விவரமாகத்தான் யோசித்தார்: சாயங்காலம் வவ்வாலெல்லாம் பூச்சி பிடிக்கப் பறந்த பிறகு அடைத்தால் ஒன்றும் சாகாதே!

அன்று சாயங்காலம் ஏணியில் ஏறிப் பூச ஆரம்பித்ததும், கீழே வந்து நின்றாள் வவ்வால் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவள். மிச்ச நேரமெல்லாம் வவ்வாலை எண்ணுவதும், அடிக்காதே விரட்டாதே என்று ஊரோடு மல்லுக்கு நிற்பதும்தான் வேலை. கொத்தனாருக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். கையை ஆட்டி ஆட்டி ஏதோ கத்தினாள்.

"வந்துட்டாய்யா, வவ்வாலுக்கு வக்காலத்து வாங்க!" என்று ஏணியில் தொங்கிய ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் பூசி முடித்தார்.

மறுநாள் காலையில் ஏணியை எடுக்க வந்தால், நல்ல வெளிச்சத்தில் சுவரெல்லாம் வவ்வால். பூசின இடத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. உள்ளேயிருந்து மெல்லிசாகக் கீச் கீச் என்று சத்தம். "அடப்பாவி! குட்டிங்களை உள்ள வச்சுல்ல அடைச்சிட்டேன்!"

உளியை எடுத்தார் கொத்தனார். "உடைச்சே, இனி இந்தப் பக்கம் தலைகாட்டாதே!" என்று குதித்தார் போஸ்ட்மாஸ்டர்.

"போய்யா, உன் ஆபீசை நீயே கட்டிக்கிட்டு அழு!"

சிமெண்டு அசைந்தால்தானே? "கலவையை இவ்வளவு கெட்டியாவா போட்டுத் தொலைப்பேன்!" தன்னையே திட்டித் திட்டி அடித்தார். விரல் கிழிந்து ரத்தம் வந்தது.

ஓட்டை திறந்ததும் எல்லாம் விழுந்தடித்து உள்ளே போயின. அதற்குள் வந்துவிட்ட டீச்சர் கீழே நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஐந்து மட்டும் வெளியே வந்து மறுபடி சுவரில் ஒட்டிக்கொண்டன.

"அதுங்க ஏன் வெளிய வந்துடுச்சு?"

டீச்சர் அந்த ஐந்தையும் இன்னொரு தடவை எண்ணினாள்.

"சொல்லித் தொலையேன்!"

"அதுங்களோட குட்டி செத்துப்போச்சு. வருஷத்துக்கு ஒண்ணுதான் போடும்."

கொத்தனாருக்கு ஆத்திரம் பொங்கியது. "உள்ள குட்டி இருக்குன்னு நேத்தே சொல்றதுக்கென்ன? வாயில பூட்டா போட்டிருந்துச்சு?"

"தொண்டை கிழியக் கத்தினேன்," என்றாள் டீச்சர். "நீங்கதான் ரேடியோவைக் கூட்டி வச்சீங்க."